சனி, ஞாயிறு அப்பாவுக்கு

எங்கள் பிரிவைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தபோது பெண்ணையும் பிரித்துக்கொண்டோம். திங்கள் முதல் சனி மதியம் வரை என்னோடு கள்ளிக்குப்பத்தில். சனி மதியம் முதல் ஞாயிறு மாலை வரை அவள் அப்பாவோடு ஆவடி குவார்ட்டர்ஸில். கோடை விடுமுறை பாதிப் பாதி. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒரு மாமரத்துக்குக்கூட இதைவிட அதிகமாகச் சண்டை போட்டிருப்பார்கள். எங்களுக்கோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறி வந்துவிட்டோம்.

பெண்ணை மாற்றிக்கொள்ளும் இடம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு. அங்கே ஒரு பழக்கடை ஓரமாக நாங்கள் நிற்போம். பேச்சு கிடையாது. அவள் இந்தப் பக்கம் கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் கையைப் பிடித்துக்கொள்வாள். பழக்கடைக்காரர் எங்களை முதலில் என்னவோ நினைத்திருக்க வேண்டும். போகப் போக அவரும் எங்களைப் பார்க்காத மாதிரி பழத்தை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். தயிர்க்காரி அளக்கும்போது அவள் கட்டைவிரல் உழக்குக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறந்த வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்றே பெயர். அப்படிப்பட்டவளுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஒரு மனிதரைக் கட்டிவைத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. என்ன கேட்டாலும் "ம்" என்பார். சண்டை போடுகிறவனோடு வாழ்ந்துவிடலாம். "ம்" என்கிறவனோடு வாழ்கிறவள் அந்த "ம்"முக்கு என்னென்னவோ அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு வருஷம் கண்டுபிடித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

பிரிந்தபின் சந்தேகம் குறையும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓ.டி.யிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் மகள் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, "அம்மா, குடத்த அங்கிட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

அங்கிட்டு. எங்கள் வீட்டில் அந்தச் சொல் இல்லை. நான் வாலாஜா பக்கம். அவள் அப்பா வாயிலிருந்து வார்த்தை வருவதே அபூர்வம், வந்தாலும் அது தஞ்சாவூர் வார்த்தையாக வரும். அங்கிட்டு என்பது மதுரைப் பக்கம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் வாயில் மதுரை எப்படி வந்தது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஒரு மதுரைக்காரி அந்த வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

அதன்பிறகு பெண் திரும்பி வந்ததும் தலையை முகர்ந்து பார்ப்பேன். நான் தேய்த்து அனுப்புவது ஒரு எண்ணெய், திரும்பி வரும்போது வேறு எண்ணெய். நான் பின்னுவது ஒற்றைச் சடை, அவள் வருவது இரட்டைச் சடையில், அதுவும் நெற்றியோரம் ஒரு மயிர் பிசகாமல். ஸ்பேனர் பிடிக்கிற கை அப்படிப் பின்னாது. "யாருடி பின்னிவிட்டா?" என்று கேட்டால், "அத்தை" என்பாள். "எந்த அத்தை?" என்றால், "அத்தைம்மா" என்று விளையாடப் போய்விடுவாள். அவருக்குக் கூடப் பிறந்த பெண்ணே கிடையாது. எங்கிருந்து முளைத்தாள் அத்தை?

அடுத்து வந்த வாரங்களில் விவகாரம் இன்னும் முற்றியது. ஒரு நாள் நான் கூப்பிட்டதற்கு, "ஏனுங்கம்மா?" என்றாள். கோயமுத்தூர்! இன்னொரு நாள் வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சில் முனை உடைந்ததும், "சவம், எழுதவே மாட்டேங்கு" என்று அதைத் தூக்கிப் போட்டாள். அது திருநெல்வேலி. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி என்றால் புரிகிறது. மதுரை, கோயமுத்தூர், திருநெல்வேலி என்று ஜில்லாவுக்கு ஒருத்தியா? வாயைத் திறக்காத மனிதர்களை நம்பவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிரிப்பாக இருக்கிறது இப்போது. அப்போது வயிறு எரிந்தது. அவர் எவளோடு இருந்தாலும் எனக்கென்ன என்றுதான் பிரிந்தேன். ஆனால் என் பெண்ணுக்குத் தலை பின்னுகிறவள் யார் என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? இன்று சடை, நாளை அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுப்பாள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக என் பெண் என் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். அந்த சனி, ஞாயிறை நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வேண்டுமானால் மாசத்தில் ஒரு நாள் அவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

அம்பத்தூரில் ஒரு வக்கீல் இருந்தார். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணு 'அங்கிட்டு'ன்னு சொல்லுதுன்னு ஜட்ஜ் கிட்ட போய் நிக்க முடியாதும்மா. ஏற்கெனவே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஏற்பாடு. அத மாத்தணும்னா கண்ணால பார்த்தது ஏதாவது வேணும்."

பார்த்துவிட்டால் போகிறது என்று கிளம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் ஆவடிக்குப் போனேன். பிரிந்துவந்த பிறகு அன்றுதான் குவார்ட்டர்ஸுக்குள் கால் வைக்கிறேன். எல்லா வீடும் ஒரே மஞ்சள் வண்ணம், ஒரே பச்சைக் கதவு. நான் குடியிருந்த வீட்டையே ஜன்னலில் நான் கட்டியிருந்த துணிக்கொடியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கதவு பூட்டியிருந்தது.

பூட்டைப் பார்த்ததும் எனக்கு ஏறிய கோபத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேனா, அதுவே திறந்திருந்ததா என்று நினைவில்லை. உள்ளே தரையில் என் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு சடை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரிப்பனை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்கதேன் பாப்பாவோட அம்மாவா? மூஞ்சி அப்படியே இருக்கே. உள்ள வாங்க மதினி. அண்ணே ஓவர்டைம் போயிருக்காக."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"ஞாயித்துக்கெழமையிலதேன அது கெடைக்கும். பாப்பாவப் பத்திக் கவலப்படாதீக. காலையில கோயமுத்தூர்க்காரவுக வீட்டுல இட்லி. மத்தியானம் நம்ம வீடு. சாயந்தரம் கடைசி வீட்டுத் திருநெல்வேலி அக்கா கூட்டிட்டுப் போயிரும். மூணு வீடும் நீங்க போன பெறகு இங்கிட்டு வந்தவுகதேன். முறை வச்சுப் பாத்துக்கிறோம். ஆம்பளை ஒத்தையில என்ன செய்வாக, பாவம்."

எனக்குத் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டின மாதிரி இருந்தது. மதுரைக்காரியும் கோயமுத்தூர்க்காரியும் திருநெல்வேலிக்காரியும் ஒரே நொடியில் கிடைத்துவிட்டார்கள். எல்லாரும் பேரன் பேத்தி எடுக்கிற வயதில், அவரவர் வீட்டில், அவரவர் புருஷனோடு. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இல்லை. ஒருத்தி என்றால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். ஒரு வரிசை வீட்டையே என் பெண் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு அங்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. பார், பெண்ணைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாமல் ஊரார் கையில் விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டேன். வக்கீல் கேட்ட கண்ணால் பார்த்தது கிடைத்துவிட்டது.

என் பெண் என்னைக் கண்டு ஓடிவரவில்லை. முகம் சுருங்கிப்போய், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானேம்மா? நீ ஏன் வந்தே?" என்றாள்.

"சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். அன்று மாலை ஓ.டி.யில் அவர் வழக்கம்போல் அவளைக் கூட்டிவந்து நின்றார். கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. நான் வந்துபோனது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதே எனக்கு அடுத்த சந்தேகம்.

மனுப் போட்டேன். ஜட்ஜ் உடனே விசாரிக்கவில்லை. முதலில் கோர்ட்டிலேயே இருக்கிற ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். நரைத்த தலையோடு ஓர் அம்மாள், மேஜைக்கு இந்தப் பக்கம் எங்கள் இருவருக்கும் நாற்காலி. பெண்ணை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான்.

நான் கரை உடைந்த ஆறு மாதிரி பேசினேன். அங்கிட்டு, ஏனுங்க, சவம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வேளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு என்றேன். "அப்பாவோட இருக்கணும்னு கோர்ட் சொன்ன நாள்ல அப்பாவே வீட்ல இல்லம்மா. பூட்டு தொங்குது. என் பொண்ணு என்ன, வீடு வீடா முறைச்சோறு எடுக்கிறவளா?" என்றேன். சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். "ம்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அவ சொல்றது எல்லாம் நெஜம்தாம்மா. நான் ஓவர்டைம் போறேன். போகாத வாரமும் உண்டு. நானும் ஒண்ணு கேக்கணும். எம்பொண்ணு சனிக்கிழம வந்ததும், 'இன்னாப்பா, ஊட்ல துன்றதுக்கு எதுனா கீதா?'ங்குறா. இவ பேச்சா அது? எம்பேச்சா? பாவாட நுனியில சாணி ஒட்டியிருக்கு. அம்மா எத்தன மணிக்கு வருவாங்கன்னு கேட்டா பதில் இல்ல. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுட்டு கள்ளிக்குப்பத்துல டீக்கடையில போய் உக்காந்தேன். பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து நேரா வீட்டுக்காரங்க வீட்டுக்குள்ள போயிட்டா. மாட்டுக் கொட்டகையில வெளையாண்டா. அங்கேயே சாப்ட்டா. தூங்கியும் போயிட்டா. இவ பஸ்ஸ விட்டு எறங்கறப்ப தெரு வெளக்கு எரிஞ்சாச்சு. தூங்கற பொண்ணத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறுனா. பெறவு என்னத்துக்கும்மா திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் இவகிட்ட? கிழமய மாத்தி எழுதிக் கொடுங்க. நான் ஷிஃப்ட மாத்திக்கறேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. என்னைச் சி.ஐ.டி. என்பார்கள். எனக்குத் தெரியாமல் எதிர் டீக்கடையில் ஒரு சி.ஐ.டி. உட்கார்ந்து போயிருக்கிறார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலை. ஆர்டர் நெருக்கினால் சூப்பர்வைசர் விடமாட்டார். விட்டாலும் பஸ் கிடைக்க வேண்டும். எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாள் அந்த ஊர் பூர்வீகக் குடும்பம். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற பிறகும் இரண்டு மாட்டை மட்டும் விடாமல் வைத்திருந்தார். நான் மூச்சு வாங்க வந்து நின்றால், "இன்னாத்துக்குமா இப்டி ஓடியார? பாப்பா எங்கூட்லதான் கீது. சோறு துன்னுட்டுத் தூங்கிட்ச்சி. நீ மொதல்ல தண்ணி குடி" என்பார். அந்த அம்மாள் மட்டும் இல்லையென்றால் நான் வேலைக்கே போயிருக்க முடியாது. அதை என் வாயால் சொன்னால் பெண் போய்விடும். சொல்லாவிட்டாலும் அவர் சொல்லியாகிவிட்டது.

"உங்க ஓவர்டைம் மாதிரிதான் எனக்கும்" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

ஆலோசகர் அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். நாங்கள் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, அந்த இடத்தில் திரைக்கு உள்ளே மின்விசிறி கிறீச்சிடுவதுகூடக் கேட்கிறது. நாங்கள் பேசினது ஒரு சொல் பாக்கியில்லாமல் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். உள்ளே ஆலோசகர் கேட்கிற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. எங்கள் பெண்ணின் குரல் வரவே இல்லை.

மறுபடி எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். "எதக் கேட்டாலும் தெரியாதுங்கிறா" என்றார் அந்த அம்மாள். "அங்க என்ன சாப்பிடுவேன்னு கேட்டேன், தெரியாது. இங்க யாரோட விளையாடுவேன்னு கேட்டேன், தெரியாது. யாரோட இருக்கப் பிடிக்கும்னு நான் கேக்கவே இல்ல, அதுக்கும் முந்தியே தெரியாதுன்னுட்டா. இந்த மனுவ நடத்துனா, ரெண்டு பேரும் சொன்னது ரெண்டும் நிஜம்னுதான் நான் எழுதணும். அத வச்சு ஜட்ஜ் என்ன முடிவெடுப்பார்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுக்குங்க."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இரண்டு பேர் மடியிலும் இருந்தது. நான் மனுவை வாபஸ் வாங்கினேன். அவரும் தன் கோரிக்கையை விட்டுவிட்டார். பழைய ஏற்பாடே தொடரும் என்றானது. வக்கீல், "பொண்ணு கைய விட்டுப் போகலம்மா, அதுவே பெரிசு" என்றார். எனக்கும் மூச்சு வந்தது. அவர் ஷிஃப்டை நிஜமாகவே மாற்றிக்கொண்டாரா, இல்லை கோர்ட்டில் சொல்லிவைத்தாரா என்ற யோசனையும் கூடவே வந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை அவளை ஓ.டி.யில் விட்டேன். ஞாயிறு மாலை திரும்பக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் வீட்டுக்கார அம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, நைனா ஊட்டாண்ட ஜாலியா இருந்தியா? இன்னா துன்னே அங்க?"

என் மகள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டேன். நன்றாக இருந்தது" என்றாள்.

அந்த அம்மாள் தவிட்டுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாமா இது, டீவில நூஸு வாசிக்கிறா மாரி பேசுது பாப்பா!"

நானும் சிரித்து வைத்தேன். மாடிக்கு வந்தபிறகு கவனித்தேன். தண்ணீர் வேண்டுமா என்றால் "வேண்டாம்" என்றாள். பசிக்கிறதா என்றால் "பசிக்கவில்லை" என்றாள். அங்கிட்டும் இல்லை, கீதுவும் இல்லை, சவமும் இல்லை. எந்த ஊரையும் காட்டிக்கொடுக்காமல், பாடப்புத்தகத்தில் அச்சடித்திருக்கிற வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். சடைகூட இல்லை. தலையைத் தானே வாரிக்கொண்டு, வகிடு கோணலாக, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அன்று மதியம் அந்த மதுரை அம்மாள் சீப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டிருப்பார். இவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, இந்தத் தடவை நிஜமாகவே எதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று இல்லாமல், "அப்பா இன்னிக்கு வீட்ல இருந்தாராடி கண்ணு? என்ன பண்ணீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சும்மா கேட்கிறாயா அம்மா, கோர்ட்டுக்குக் கேட்கிறாயா?"

"சும்மாதான்டி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். நம்பாதவள் எப்படித் தலையை ஆட்டுவாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.